சொலவடை பத்தி எங்க கடையில அடிக்கடி கேக்குற கேள்விங்க

வேலூர் தோட்டப்பாளையத்துல 18 வருஷமா டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிக்கை, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடை திறப்பு ஃபிளெக்ஸ், காலேஜ் பசங்க புராஜெக்ட், எல்லாம் அடிக்கிறோம். வர்றவங்கள்ல பாதிப் பேரு மேட்டர் குடுத்துட்டு கடைசியா ஒன்னு சொல்லுவாங்க, "அண்ணா மேல ரெண்டு லைன் நல்லதா இன்னாவாச்சும் போட்டுக் குடு." அந்த ரெண்டு லைனுக்காக தேடித் தேடி எனக்கு இதுல ஒரு பைத்தியமே புடிச்சிருச்சு. வாத்தியாருங்க, ப்ளஸ் டூ பசங்க, மேடையில பேசுறவங்கன்னு ஆளாளுக்கு வந்து சந்தேகம் கேக்குறாங்க, ஒரே பதிலை எத்தனை வாட்டிதான் சொல்லிகினு இருக்கறது, அதான் எழுதியே வச்சிட்டேன்.

பழமொழி, சொலவடை, பொன்மொழி எல்லாம் ஒன்னுதானா?

பழமொழியும் சொலவடையும் ஒன்னுதான், ஒன்னு புக்குல இருக்கிற பேரு, இன்னொன்னு வாயில இருக்கிற பேரு. பழைய நூலுங்கள்ல முதுமொழி, முதுசொல்னு வரும். பொன்மொழி வேற. அதுக்கு ஒரு ஆளு உண்டு, இவரு சொன்னாருன்னு பேரு போடணும். சொலவடைக்கு ஆளே கிடையாது, யாரோ ஒருத்தன் என்னிக்கோ சொன்னான், கேட்டவனுக்கு சரின்னு பட்டுச்சு, அவன் இன்னொருத்தன்கிட்ட சொன்னான், அவ்ளோதான்.

ஆத்திசூடி மாதிரி நீதி வரிங்களையும் நிறைய பேரு பழமொழின்னு எழுதுறாங்க. நான் சேத்துக்க மாட்டேன். "அறம் செய விரும்பு"ன்னா அது ஔவையார் போடற கட்டளை, செய்யின்னு சொல்லுது. சொலவடை பெரும்பாலும் உன்ன ஒன்னும் செய்யச் சொல்லாது. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்"னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருக்கும். ஆடு யாரு, ஓநாய் யாருன்னு நீயேதான் கண்டுபுடிக்கணும்.

இதெல்லாம் எவ்ளோ பழசு?

சிலது ரொம்பப் பழசு. பதினெண்கீழ்க்கணக்குல பழமொழி நானூறுன்னு ஒரு நூல், முன்றுறை அரையனார் எழுதினது, 400 பாட்டு, பாட்டுக்கு ஒரு பழமொழி. நாலு வரி வெண்பாவுல முதல்ல விஷயத்தைச் சொல்லிகினு வந்து, அப்பால பெரும்பாலும் கடைசியில பழமொழியை வச்சு முடிப்பாரு. அதுல ஒன்னு, மணலுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற நுணல், அதாங்க தவளை, தன் வாயால கெடும்னு வரும். நாம இன்னிக்கும் "தவளை தன் வாயால கெடும்"னுதானே சொல்றோம்? நுணல்ங்கிற வார்த்தை செத்துப் போச்சு, தவளை மட்டும் கத்திகினேதான் கீது. "பாம்பின் கால் பாம்பறியும்"கூட அந்த நூல்லயே கீது.

அப்பால ரொம்ப நாள் கழிச்சு வெள்ளக்கார பாதிரிங்க வந்து மூட்டை மூட்டையா சேத்தாங்க. பெர்சிவல்னு ஒருத்தர் 1842ல யாழ்ப்பாணத்துல முதல் தொகுப்பு போட்டாரு, 1874ல மெட்ராஸ்ல அது 6000க்கு மேல வளந்துச்சு. 1894ல லாசரஸ் ஒரு அகராதி, 1897ல டென்மார்க்காரர் ஜென்சன் ஒரு தொகுப்பு. நம்ம ஆளுங்கள்ல கி.வா.ஜகந்நாதன் சேத்ததுதான் பெருசு. பாதிரிங்க ஏன் இதுக்கு மெனக்கெட்டாங்கன்னா, ஊர்க்காரன் பேசுறது புரியணும், ஊர்க்காரன் மாதிரி பேசணும். காரணம் எதுவா இருந்தா இன்னா, சேத்து வச்சது நமக்கு உபயோகம்.

ஒரு சொலவடைக்கு அர்த்தம் கேட்டா நீங்க ஏன் நேரா சொல்ல மாட்றீங்க?

ஏன்னா தனியா நிக்கிற சொலவடைக்கு அர்த்தமே கிடையாது. இது எனக்கு புக்கு படிச்சுத் தெரியல, அடி வாங்கித் தெரிஞ்சுது.

எங்க ஊரு வேலூரை அடுத்த அணைக்கட்டுங்கற ஊரு பக்கம் சின்ன கிராமம். எங்க பெரியப்பா ஒரு கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு முறுக்கிகினு திண்ணையில உக்காந்துட்டாரு, காரணம் இன்னான்னா பங்காளிங்கள்ல அவருக்கு மூணாவதாத்தான் பத்திரிக்கை வச்சாங்களாம். எல்லாரும் போய் கெஞ்சிப் பாத்தாங்க, ஆளு அசையல. எங்க ஆயா வெத்தலை மென்னுகினே வந்து, "ஏன்டா, ஏரி மேல கோவிச்சுகினு குண்டி கழுவாம போனானாம் ஒருத்தன், அந்தக் கதையால்ல கீது உன் கதை"ன்னு சொல்லிட்டு நிக்காம போயிருச்சு. பெரியப்பாவுக்கு சிரிப்பு வந்திருச்சு. சட்டையை மாட்டிகினு கிளம்பிட்டாரு.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே பெரியப்பா கிணத்துத் தண்ணி முறையில ஏதோ சண்டை போட்டுகினு, எனக்கு தண்ணியே வாணாம்னு கழனியை காயப் போட்டாரு. நான் அப்ப பத்தாவது முடிச்ச மேதாவி. ஆயா சொன்ன அதே வார்த்தையை, ஒரு எழுத்து மாத்தாம, நாலு பேரு முன்னாடி அவர்கிட்ட சொன்னேன். ஆறு மாசம் எங்கிட்ட பேசல.

வார்த்தை அதேதான், ஆளும் அதே ஆளுதான், ஆனா சொன்னது யாரு, எங்க வச்சு, எப்போ, அதுல எல்லாம் மாறிப் போச்சு. ஆயா சொன்னப்ப அது பாசம், பெத்தவ சொல்றா. நான் சொன்னப்ப அது திமிரு. அர்த்தம் அந்த வார்த்தைக்குள்ள இருந்திருந்தா ரெண்டு வாட்டியும் ஒரே மாதிரில்ல வேலை செஞ்சிருக்கணும்?

தொல்காப்பியத்துல செய்யுளியல்ல முதுமொழிக்கு இலக்கணம் சொல்றப்ப நுண்மை, சுருக்கம், ஒளி, எண்மை, அதாவது எளிமை, இதெல்லாம் இருக்கணும்னு சொல்லிட்டு, குறிச்ச பொருளை முடிக்கிறதுக்கு வர்றதுன்னு சேத்து சொல்றாரு. எல்லாரும் சுருக்கம், எளிமையோட நிறுத்திக்கிறாங்க. எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமா படுது. முடிக்கிறதுக்கு வர்றதுன்னா முடிக்க ஒரு விஷயம் முன்னாடியே ஓடிகினு இருக்கணும்ல? எதுவுமே ஓடாத எடத்துல வந்து நின்னா அது எதை முடிக்கும்?

அப்ப சின்னவங்க பெரியவங்ககிட்ட சொலவடையே சொல்லக் கூடாதா?

சொல்லலாம், ஆனா தலையைக் குனிஞ்சுகினு சொல்லணும். "பெரியவங்க சொல்லுவாங்களே", "உங்களுக்குத் தெரியாதது இல்ல", "சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன்", இந்த மாதிரி ஒரு முன்னுரை போட்டா பழி யாரோ செத்துப்போன பாட்டன் மேல போயிரும். இன்னொரு வழி, எதிர்ல இருக்கிறவர சொல்லாம நம்மளையே சொல்லிக்கிறது. "எனக்கு ஆழம் தெரியாம கால விட்ட கதை ஆயிருச்சுங்க"ன்னா கேக்குறவருக்கும் உறைக்கும், கோவம் வராது.

இதுங்க மட்டும் எப்படி மனசுல ஒட்டிக்குது, குறள் மனப்பாடம் பண்ணா மறந்து போவுது?

ஓசைதான். "அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்"ல எத்தனை அ வருது பாருங்க. "ஆடிப் பட்டம் தேடி விதை", ஆடி தேடி. "பதறாத காரியம் சிதறாது", பதறா சிதறா. மோனை எதுகைன்னா இன்னான்னே தெரியாதவங்கதான் இதை செஞ்சிருக்காங்க, வாய் அதுவா தேடிக்கும். குறளும் ஏழே சீர்தான், ஓசையும் உண்டு, ஆனா அதை நாம பரிட்சைக்குப் படிக்கிறோம், வாழ்க்கையில யாரும் நம்மள நேரா பாத்து சொல்றதில்ல. டவுன் பஸ்ல எழுதிப் போட்ட குறளை தினம் பாக்குறோம், எறங்கினதும் இன்னா குறள்னு கேட்டா முழிக்கிறோம். ஆயா திட்டினது முப்பது வருஷம் கழிச்சும் ஞாபகம் கீது.

அப்புறம் அந்த "ஆம்". அழுதுச்சாம், போனானாம், சொன்னாளாம். ஒரே ஒரு எழுத்துல "நான் பாக்கல, கேள்விப்பட்டேன்"னு சொல்லிட்டு ஒரு முழுக் கதையை தோள்ல சாச்சு வச்சிருது. இந்த ஆம் நம்ம பாஷையில இல்லன்னா பாதி சொலவடை பொறந்திருக்கவே பொறந்திருக்காதுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

வாட்ஸாப்ல "பழமொழியின் உண்மையான அர்த்தம் தெரியுமா"ன்னு வருதே, அதெல்லாம் நிஜமா?

மாசத்துக்கு பத்து பேராவது இதைக் கேக்குறாங்க. பெரும்பாலும் இல்லைங்கறதுதான் என் பதில், கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு ஒன்னு. வாட்ஸாப் இன்னா சொல்லுதுன்னா, அது கழுதையே இல்லையாம், கழுன்னு ஒரு கோரைப்புல்லாம், அதுல பாய் தைக்க கற்பூர வாசனை வருமாம், "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை"ன்னு இருந்தது மருவிப் போச்சாம். கேக்க அழகாத்தான் கீது. ஆனா அப்படியே சித்தூர் பக்கம் போங்க, நம்ம காட்பாடியிலேர்ந்து கொஞ்ச தூரம்தான். தெலுங்குல "காடிதகேம் தெலுசு கந்தம் வாசன"ன்னு சொல்லுவாங்க, கழுதைக்கு சந்தன வாசனை இன்னா தெரியும்னு. கன்னடத்துல கழுதைக்கு கஸ்தூரி வாசனை தெரியாதும்பாங்க. ஹிந்தியில குரங்குக்கு இஞ்சி ருசி தெரியாது. காடிதயை எப்படி உடைச்சு தைப்பீங்க? அக்கம் பக்கம் எல்லாம் கழுதை கழுதையாவே நிக்கறப்ப நம்மூர் கழுதை மட்டும் எப்படி புல்லாச்சு?

"மண் குதிரையை நம்பி ஆத்துல எறங்காதே". இதுவும் குதிரை இல்லையாம், குதிராம், ஆத்துல இருக்கிற மண் திட்டாம். எங்க ஊர்ல குதிர்னா நெல்லு கொட்டி வைக்கிறது, அகராதியிலயும் அந்த அர்த்தம்தான். மண் குதிரைன்னா இன்னான்னு தெரியலன்னா எந்த ஐயனார் கோயிலுக்கும் போய்ப் பாருங்க, குயவர் சுட்டு வச்ச குதிரை வரிசையா நிக்கும். அதுல ஒன்னு மேல ஏறிகினு ஆத்தைக் கடக்கறவனை நெனச்சுப் பாருங்க. அந்த சிரிப்புதான் சொலவடை. அந்த சிரிப்பை புடுங்கிட்டு மண் திட்டைக் குடுத்தா எனக்கு வாணாம்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது". இதுல ஆமைன்னா பொறாமை, கல்லாமை, இயலாமைன்னு சொல்லுவாங்க. சரி, அமீனாவை இன்னா பண்ணுவீங்க? அமீனாங்கறவரு கோர்ட்டு உத்தரவோட வந்து அண்டா குண்டாவை ஜப்தி பண்றவரு. அரபி வழியா வந்த வார்த்தை, நவாப்பு காலத்து கச்சேரி வார்த்தை. நம்ம ஆற்காட்டு சீமைக்கு இதைச் சொல்லியா தரணும்? அமீனா இருக்கிறதாலயே இந்த சொலவடைக்கு வயசு குறிக்கலாம், இந்த ரூபத்துல இது சங்க காலத்துது இல்ல. இதான் எனக்குப் புடிச்ச வேலை, வார்த்தையைத் திரிக்காம அதுலயே வயசைப் படிக்கிறது.

எல்லாமே பொய்யுன்னு சொல்லல. சொலவடை மாறும், சிலது திரிஞ்சும் இருக்கும். ஆனா "உண்மையான அர்த்தம்" கொண்டு வர்றவங்ககிட்ட ஒன்னு கவனிச்சேன், எப்பவுமே அவங்க கொண்டு வர்ற அர்த்தம் பழசை விட மரியாதையா, சாமி கும்பிடுற மாதிரி இருக்கும். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"ல அடின்னா கடவுள் திருவடின்னு ஆக்கிருவாங்க. நம்ம முன்னோருங்க முரடா, கிண்டலா, பச்சையா பேசுவாங்கன்னு ஒத்துக்கறதுல இவங்களுக்கு கூச்சம். எங்க ஆயா பேசி நீங்க கேட்டிருந்தா அந்தக் கூச்சம் போயிருக்கும்.

ஒன்னு பொறுமையா இருன்னு சொல்லுது, இன்னொன்னு சீக்கிரம் செய்யின்னு சொல்லுது. எதை நம்புறது?

ரெண்டையும். "பொறுத்தார் பூமி ஆள்வார்"னு ஒன்னு, "அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறது"ன்னு ஒன்னு. "கூடி வாழ்ந்தா கோடி நன்மை"ன்னு ஒன்னு, "கிட்ட இருந்தா முட்டப் பகை"ன்னு ஒன்னு. மெக்கானிக் பொட்டியில பத்து நம்பர் ஸ்பேனரும் கீது, பன்னெண்டு நம்பரும் கீது, எது உண்மையான ஸ்பேனர்னு யாரும் கேக்க மாட்டாங்க. அண்ணன் தம்பி ஒன்னா இருக்கணும்னு ஆசைப்படறப்ப மொதல்து, பாகம் பிரிச்சதுக்கு அப்பால ரெண்டாவது. ஒரே குடும்பத்துல ஒரே வருஷத்துல ரெண்டும் கேட்டிருக்கேன்.

நம்ம ஜில்லாவுக்குன்னே ஏதாவது சொலவடை கீதா?

வேலூரைப் பத்தி எல்லா ஊர்க்காரனும் சொல்லிக் கேலி பண்றது ஒன்னு கீது. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, அதிகாரம் இல்லாத போலீஸு. பொம்பளைங்களைப் பத்தியும் ஒரு அடி சேப்பாங்க, அதை நான் அடிக்கவும் மாட்டேன் சொல்லவும் மாட்டேன், எங்க ஆயா இருந்திருந்தா தொடப்பத்தை எடுத்திருக்கும்.

இதுல ஒவ்வொன்னுக்கும் ஒரு சங்கதி கீது. ஆறு பாலாறு, வருஷம் பூரா மணலாத்தான் கிடக்கும். மலை சுத்தி நிக்கிற மொட்டைப் பாறைங்க, மே மாசத்துல அது விடற அனல் இருக்கே, "நிழலோட அருமை வெயில்ல தெரியும்"ங்கறதை எங்களுக்கு யாரும் விளக்க வேணாம். போலீஸுன்னா கோட்டைக்குள்ள டிரெயினிங் எடுக்கிற பசங்க, யூனிஃபார்ம் உண்டு பவர் கிடையாது. ராஜா இல்லாத கோட்டைங்கறது கொஞ்சம் அநியாயம். ராஜா வந்தாரு, ஆனா கைதியா. கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை வெள்ளக்காரன் இங்கதான் கொண்டு வந்து வச்சான், 1832ல இங்கயே செத்தாரு, பாலாத்தங்கரையில சமாதி கீது. திப்பு சுல்தான் குடும்பத்தையும் இங்கதான் வச்சிருந்தாங்க.

சாமி இல்லாத கோயில்னா கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில். ரொம்ப காலம் பூஜை இல்லாம கிடந்துச்சு, லிங்கம் சத்துவாச்சாரியில இருந்துச்சு. 1981ல திரும்பக் கொண்டு வந்து வச்சாங்க. அன்னிலேர்ந்து அந்த அடி பொய். ஆனாலும் சொல்றாங்க பாருங்க! அதே மாதிரி 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுகினு ஓடுச்சு, பாலத்து மேல நின்னு ஊரே வேடிக்கை பாத்துச்சு, என் பக்கத்துல நின்ன ஒரு பெரியவரு, "பேஞ்சும் கெடுக்கும் காஞ்சும் கெடுக்கும்"னாரு. தண்ணி இல்லாத ஆறுன்னு சொல்றதை மட்டும் யாரும் நிறுத்தல. சொலவடைக்கு நேத்து நடந்தது தெரியாது, தெரிஞ்சாலும் கண்டுக்காது.

இன்னொன்னு, விரிஞ்சிபுரம் மதிலழகும்பாங்க. மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதில். போய்ப் பாத்தா நிஜமாவே அழகுதான். ஆனா தஞ்சாவூர் பக்கத்து ஆளுங்க மன்னார்குடி மதிலழகுன்னு சொல்லுவாங்க, திருவாரூர் தேரழகு கூட சேத்து. யாரு யாருதை எடுத்தாங்கன்னு சண்டை போட நான் ரெடியா இல்ல. ஆயா சொன்ன ஏரிக்கும் இதே கதைதான், தெக்க போனா அது குளம், சில எடத்துல ஆறு. அந்தந்த ஊர்க்காரனுக்கு எதுல தண்ணியோ அதுமேலதான் கோவிச்சுக்குவான். வட ஆற்காடு ஏரி பாசன ஊரு, எங்களுக்கு கோடி போற, அதாங்க நெரம்பி வழியற, ஏரிதான் கண்ணுல நிக்கும்.

வேற பாஷையில இதே மாதிரி உண்டா?

இந்த ஊர்ல இருந்துகினு இந்தக் கேள்வியா? 1911 வரைக்கும் சித்தூரே வட ஆற்காடு ஜில்லாவுலதான் இருந்துச்சு, தெலுங்கு பேசுறவங்க தெருவுக்கு தெரு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது. இதுல பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்ற வங்காளிங்க வேற, அந்த லாட்ஜ் தெருவுங்கள்ல போர்டே வங்காளத்துலதான் கீது.

ஒரு நாள் அப்படி ஒரு வங்காளி தாத்தா ரிப்போர்ட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு. மிஷின் கோடு கோடா அடிச்சுது, நான் பேப்பர் சரியில்ல, கரண்டு சரியில்ல, டோனர் சரியில்லன்னு புலம்பிகினு இருந்தேன். அவரு சிரிச்சுட்டு "நாச்தே நா ஜான்லே உடான் பாங்கா"ன்னாரு. ஆடத் தெரியலன்னா முத்தம் கோணலாம். அட, இது நம்ம "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"! உருதுல பக்கத்து கடை பாய் சொல்லுவாரு, "நாச் ந ஜானே ஆங்கன் டேடா", அதுலயும் முத்தம்தான். தெலுங்குல "ஆடலேக்க மத்தெல ஓடு", ஆட முடியாம மத்தளம் ஓட்டைன்னாளாம். எனக்கு தெலுங்குதான் ரொம்பப் புடிச்சிருக்கு, மத்தவங்க எல்லாம் எடத்தைக் குத்தம் சொல்றாங்க, இவ பக்கத்துல உக்காந்து வாசிக்கிறவன் தலையில கட்டுறா. தாத்தாகிட்ட எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில மூணையும் சொன்னேன், சொல்லச் சொல்ல சிரிச்சாரு. யாருக்கு வைத்தியம்னு கடைசி வரை நான் கேக்கல.

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" தமிழ்ப் பழமொழிதானே?

இங்கிலீஷ்லேர்ந்து வந்தது. நம்மளுது "வெளுத்ததெல்லாம் பாலாகுமா". ரோமாபுரி ஒரே நாள்ல கட்டப்படலங்கறதையும் பழமொழி லிஸ்ட்ல பாத்தேன், ரோமாபுரி எந்த தாலுக்கான்னு கேக்கத் தோணுச்சு.

கட்டுரையில எத்தனை பழமொழி போட்டா மார்க்கு வரும்?

மார்க்கு எனக்குத் தெரியாது. படிக்கிறவனுக்கு அலுக்காம இருக்கணும்னா ஒன்னு, மிஞ்சிப் போனா ரெண்டு. டைப் பண்ண வர்ற கட்டுரையில எல்லாம் "என்ற பழமொழிக்கேற்ப"ன்னு ஒரு பாலம் கட்டியிருப்பாங்க, மரம் வளர்ப்போம்னு ஆரம்பிச்சு ரெண்டு வரிக்கு ஒரு பழமொழிக்கேற்ப. அந்தப் பாலத்தை எடுத்துருங்க. நடந்ததைச் சொல்லிகினே வந்து, சொல்லி முடிக்கிற எடத்துல சொலவடையை அப்படியே வையுங்க, வச்சுட்டு வாயை மூடுங்க. அதுக்குக் கீழ "அதாவது"ன்னு ஒரு விளக்கம் எழுதத் தோணுச்சுன்னா, ஒன்னு சொலவடை தப்பான எடத்துல கீது, இல்லன்னா படிக்கிறவனை முட்டாள்னு நெனச்சுட்டோம்.

மேடைப் பேச்சுக்கும் அதே கதைதான். ஆனா மேடையில ஒரு வசதி, பாதி சொல்லி நிறுத்தலாம். "ஆழம் தெரியாம..."ன்னு நிறுத்துங்க, கூட்டமே முடிச்சு வைக்கும்.

கடை திறப்புக்கு ஒரு நல்ல லைன் சொல்லுங்க.

இந்தக் கேள்வி வந்தா எனக்கு வயிறு கலங்கும். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு மளிகைக் கடை திறப்பு ஃபிளெக்ஸ், பத்துக்கு ஆறு. நான் ஊர்ல இல்ல. புதுசா சேந்த பையன், தமிழ் ஆர்வம் ஜாஸ்தி, எங்கயோ கேட்ட ஞாபகத்துல பெரிய எழுத்துல "கடை விரித்தேன்"னு போட்டுட்டான். அது வள்ளலார் சொன்னதா சொல்லுவாங்களே, கடை விரித்தேன் கொள்வாரில்லை, அதோட முன்பாதி! பையனுக்கு பின்பாதி தெரியல. திறப்பு விழாவுக்கு வந்தவங்கள்ல அந்தக் கடைக்காரரோட மாமனார் தமிழ் வாத்தியாரு. அவரு மீதியை வாய்விட்டுச் சொல்லிட்டாரு, மாலை போட்ட கல்லாப்பெட்டி முன்னாடியே. ஃபிளெக்ஸ் காசு வரல, அதைக் கேக்கற தைரியமும் எனக்கு இல்ல.

அதுலேர்ந்து, சொலவடையோட முழு வரி தெரியாம அரை வரி அடிக்கிறதில்லன்னு வச்சிருக்கேன். கடை திறப்புக்கு தேதி, நேரம், அட்ரஸ் போதும்.

அஞ்சலி போஸ்டருக்கு?

எல்லாருக்கும் "ஆலமரம் சாய்ந்தது"தான் கேக்குறாங்க. முப்பது வயசுல போன பையனுக்கும் அதையே கேட்டாங்க. அவனுக்கு அடிக்க கை வரல. போட்டோ, பேரு, தோற்றம், மறைவு மட்டும் போதும்னு சொல்லிப் பாத்தேன், ஒத்துக்கினாங்க.

பழைய புக்குல சாதியைத் திட்டி, பொம்பளைங்களைத் திட்டி, கால் இல்லாதவங்களை கேலி பண்ணி நிறைய கீதே, அதையும் நம்ம பொக்கிஷம்னு சொல்லணுமா?

சொல்ல வேணாம். 19ஆம் நூற்றாண்டு தொகுப்புங்களைத் தொறந்தா பக்கத்துக்குப் பக்கம் சாதிப் பேரு வரும், வாய்கூசும். அதை அச்சுலேர்ந்து அழிக்கணும்னு நான் நெனைக்கல, அன்னிக்கு இந்த ஊரு எப்படி பேசிச்சுங்கறதுக்கு அது சாட்சி, மேல இருந்தவன் கீழ இருந்தவனை எப்படி நெனச்சான்னு அவன் வாயாலயே சொன்னது. ஆனா புக்குல இருக்கட்டும், வாயிலயும் போர்டுலயும் வாணாம். ஆட்டோ பின்னாடி "சிரிக்கும் பெண்ணை நம்பாதே"ன்னு ஸ்டிக்கர் கேட்டு வர்றவங்ககிட்ட, உங்க பொண்ணு ஸ்கூலுக்கு இதுலதானே போகுதுன்னு கேப்பேன். நாலுல ஒருத்தர் மாத்திக்குவாரு. மீதி மூணு பேரு அடுத்த கடைக்குப் போவாங்க, போகட்டும்.

சொலவடையை அறிவுன்னு மட்டும் நெனச்சுக்கறதால வர்ற வினை இது. ஊர்ல நல்லவனும் பேசுவான், கெட்டவனும் பேசுவான். ரெண்டு பேரு பேசினதும்தான் நமக்கு வந்து சேந்திருக்கு.

அப்துல் கலாம் சொன்னதுன்னு ஒரு வரி அனுப்புறேன், போட்டோவோட போடுவீங்களா?

அவரு சொன்னாருன்னு நிச்சயமா தெரிஞ்சா போடுவேன். யாரு சொன்னதுன்னே தெரியாத நல்ல வரிக்கெல்லாம் கலாம் போட்டோ, கோவமான வரிக்கு எல்லாம் விவேகானந்தர், அமைதியான வரிக்கு புத்தர். பேரு தெரியலன்னா பேரு போடாம விடுங்க, சொலவடை இத்தனை வருஷமா அப்படித்தானே நிக்குது.

இப்ப புதுசா சொலவடை பொறக்குதா, இல்ல எல்லாம் முடிஞ்சு போச்சா?

பொறக்குதே. "கடன் அன்பை முறிக்கும்" எந்த பாட்டி சொன்னது? பொட்டிக் கடையில, சலூன்ல, டீக்கடையில போர்டாப் பொறந்தது. மூணே வார்த்தை, கேக்க வந்தவன் முகத்துல அடிக்காம இல்லன்னு சொல்லுது, அதுவும் உன் மேல இருக்கிற அன்புக்காகத்தான் தரலங்குது. எங்கிட்ட இதுவரைக்கும் எத்தனை ஸ்டிக்கர் போயிருக்கும்னு கணக்கே கிடையாது. "பிரசவத்துக்கு இலவசம்" ஆட்டோவுல பொறந்தது. "நாம் இருவர் நமக்கு இருவர்" சர்க்கார் செவத்துல பொறந்தது. அதையெல்லாம் இப்ப பசங்க கிண்டலா திருப்பிப் போட்டுப் பேசறாங்க. திருப்பிப் போட ஆரம்பிச்சுட்டாலே அது சொலவடை ஆயிருச்சுன்னு அர்த்தம், தெரியாததை யாராலயும் கேலி பண்ண முடியாது.

எங்க பசங்களுக்குத் தமிழே சரியா வரல, சொலவடை எப்படி சொல்லித் தர்றது?

லிஸ்ட் வாங்கித் தராதீங்க. 100 பழமொழி புக்கு கேட்டு வர்ற அப்பா அம்மாகிட்ட நான் விக்காம அனுப்பியிருக்கேன், நம்ம பொழப்புக்கு அது நல்லதில்லதான். எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு வழிதான், வீட்ல பேசறப்ப வரணும். அவங்க காதுல விழணும், அதுவும் அவங்களைப் பாத்து சொல்லாம வேற யாரையோ சொல்றப்ப.

எங்க பொண்ணு மூணாவது படிக்குது, ஸ்கூல் விட்டு நேரா கடைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்துகினு ஹோம் வொர்க் பண்ணும். போன மாசம் ஒரு பத்திரிக்கையில மாப்பிள்ளை பேரையே தப்பா அடிச்சுட்டேன், அம்பது காப்பி போயிருச்சு. கீபோர்டு சரியில்ல, இந்த ஃபான்ட்டு சரியில்ல, வெளிச்சம் பத்தலன்னு நான் கத்திகினு இருக்கறப்ப, நோட்டுலேர்ந்து தலையைத் தூக்காம, "மத்தெல ஓட்டைப்பா"ன்னுச்சு.

யாருடி உனக்கு சொல்லித் தந்ததுன்னு கேட்டேன். "யாரும் சொல்லித் தரல. அந்த ஹிந்தி தாத்தாகிட்ட நீதானே சொல்லிகினு இருந்த."